தலை திரும்பினால் பீரங்கி திரும்பும். குண்டு எங்கே விழும்?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். அப்பாச்சி ஹெலிகாப்டரில் பைலட் பார்க்கிற பக்கம் பீரங்கி திரும்பும் என்கிறார்களே, பார்த்த இடத்தில் குண்டு விழுமா என்பது ஒன்று. விழும் என்றால் தேஜஸ், எஃப்-35 போன்ற போர் விமானங்களில் ஏன் அப்படித் தலையைத் திருப்பிச் சுடுவதில்லை என்பது இன்னொன்று.

பீரங்கி திரும்புவது உண்மைதான். குண்டு அங்கே விழுவதற்கு, இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு யாராவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குத் திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. படிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டாவது கேள்விக்குப் பதில் இன்னும் எளிது: போர் விமானத்தில் துப்பாக்கி உடம்போடு சேர்த்து இறுக்கப்பட்டது, நீங்கள் கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் அது அசையாது. ஆனால் அதற்குள்ளும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன, பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடலாம். இந்தக் கருவி கண்ணைப் பின்தொடர்வதில்லை, ஹெல்மெட்டைத்தான் பின்தொடர்கிறது. வலது கண்ணுக்கு முன்னால் ஒரு சிலுவைக் குறி தெரியும். அது எப்போதும் படத்தின் நடுவிலேயே நிற்கும். இலக்கின்மேல் அந்தச் சிலுவை வந்து உட்காரும்வரை தலையைத் திருப்ப வேண்டும். தலையை நேராக வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் ஓரமாக உருட்டி இலக்கைப் பார்த்தால், பீரங்கி நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாச்சியில் இருக்கும் ஏற்பாட்டுக்கு ஐஹாட்ஸ் என்று பெயர், ஹனிவெல் செய்தது. ஹெல்மெட்டின் வலது பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் மாட்டப்படும். அதற்குள் ஒரு அங்குல அளவுக்கு ஒரு பிக்சர் டியூப். அதில் வரும் படம், கன்னத்தை ஒட்டி நிற்கும் சாய்வான கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குள் போகும். படத்தின் பரப்பு குறுக்கே 40 டிகிரி, மேலும் கீழுமாக 30 டிகிரி. இடது கண் வெறும் கண்ணாகவே இருக்கும். முன் சீட்டில் இருக்கும் கன்னருக்கும் பின் சீட்டில் இருக்கும் பைலட்டுக்கும் தனித்தனியாக இந்த அமைப்பு உண்டு. யார் கடைசியாகப் பீரங்கியைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவர் தலைக்கு அது கட்டுப்படும்.

தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது எப்படித் தெரிகிறது? காக்பிட்டில் பொருத்திய பெட்டிகள் அகச்சிவப்பு ஒளியை விசிறி மாதிரி சுழற்றி வீசுகின்றன. ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் உணரிகளில் அந்த ஒளி எந்தக் கணத்தில் படுகிறது என்பதை வைத்துக் கோணம் கணக்கிடப்படும். இதற்கு முந்தைய தலைமுறையில், கோப்ரா ஹெலிகாப்டரில், ஹெல்மெட்டிலிருந்து கூரைத் தண்டவாளம் வரைக்கும் நிஜமாகவே ஒரு இணைப்புக் கம்பி போகும். தலை திரும்பினால் கம்பி திரும்பும், கம்பி திரும்பினால் டரட், அதாவது துப்பாக்கியைத் தாங்கிச் சுழலும் அமைப்பு, திரும்பும். கேலியாகத் தெரியும், ஆனால் வேலை செய்தது. இப்போதைய போர் விமான ஹெல்மெட்டுகள் பலவற்றில் காந்தப்புல முறை: சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காந்தப்புலச் சுருள், ஹெல்மெட்டுக்குள் ஒரு ஏற்பி. இந்த முறைக்கு எதிரி உலோகம். ஒவ்வொரு வகை காக்பிட்டுக்கும் அதில் இருக்கும் உலோகம் புலத்தை எப்படி வளைக்கிறது என்று அங்குலம் அங்குலமாக அளந்து ஒரு வரைபடம் எடுத்து வைத்திருப்பார்கள். பின்னால் யாராவது அங்கே ஒரு புதிய பெட்டியையோ தாங்கியையோ பொருத்தினால் அந்த வரைபடம் பொய்யாகிவிடும். ஒளி முறைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் தொல்லை மறைப்பு: பைலட் பக்கவாட்டில் குனிந்து எட்டிப் பார்த்தால் உணரிகளுக்கு ஒளி எட்டாமல் போகும்.

இனி துல்லியம். இங்கே எல்லாம் மில் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு மில் என்றால் 1000 மீட்டரில் 1 மீட்டர். அரை டிகிரி என்பது கிட்டத்தட்ட 8.7 மில், அதாவது ஒரு கிலோமீட்டரில் எட்டேமுக்கால் மீட்டர் விலகல். கண்ணிலிருந்து சிலுவைக் குறிக்கு, குறியிலிருந்து ஹெல்மெட்டுக்கு, ஹெல்மெட்டிலிருந்து காக்பிட்டுக்கு, காக்பிட்டிலிருந்து மூக்குக்குக் கீழே இருக்கும் டரட்டுக்கு, டரட்டிலிருந்து குழலுக்கு என்று கை மாறி மாறிப் போகிற கணக்கு இது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் இரண்டு மூன்று மில் சிந்தும்.

இதில் பைலட் கையில் இருக்கும் பகுதிக்குப் பெயர் போர்சைட், அதாவது ஹெல்மெட்டின் குறியை விமானத்தின் திசையோடு பொருத்தி வைப்பது. பறப்பதற்கு முன்னால், சீட்டில் உட்கார்ந்தபிறகு ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டியது. ஆனால் அதற்கும் முன்னால் படத்தைச் சரியாக வைக்க வேண்டும், பலர் அவசரத்தில் இதைத்தான் கெடுக்கிறார்கள். சாம்பல் நிறப் படிகள் வரிசையாக நிற்கும் ஒரு சோதனைப் படம் வரும். கண்ணாடியை நகர்த்தி, அந்தப் படத்தின் நான்கு மூலையும் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். படம் முழுசாகத் தெரிகிற வட்டம் 10 மில்லிமீட்டர் அகலம்தான். கண்மணி அதற்கு வெளியே நகர்ந்தால் ஓரம் வெட்டுப்படும். அதனால்தான் ஹெல்மெட்டின் உள்ளுறையை ஒவ்வொருவர் தலைக்கும் தனியாக அச்செடுத்துப் பொருத்துகிறார்கள். அடுத்தவர் ஹெல்மெட்டைக் கடன் வாங்கிப் போடுவதெல்லாம் இங்கே நடக்காது.

பிறகு ஃபோகஸ். படம் வெகுதூரத்தில் இருப்பதுபோல் தெரிய வேண்டும், அப்போதுதான் வெளியே இருக்கும் இலக்கும் சிலுவையும் ஒன்றாகத் தெளிவாக இருக்கும். சரியான வழி: ஃபோகஸ் வளையத்தை முதலில் பிளஸ் பக்கம் முழுசாகத் திருப்பிப் படத்தை மங்க விடுங்கள், பின் மெதுவாகத் திருப்பி, தெளிவு வந்த முதல் இடத்திலேயே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால், அல்லது தெளிவு வந்தபிறகும் திருப்பிக்கொண்டே போனால், கண் தானாகச் சுருங்கி ஈடுகட்டிக்கொள்ளும். படம் அப்போதும் தெளிவாகத்தான் தெரியும், தப்பு நடந்ததே தெரியாது. ஒன்றரை மணி நேரம் கழித்து வலது புருவத்துக்குமேல் தலைவலியாக வந்து நிற்கும்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் போர்சைட். சீட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டியில் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளி வளையங்கள் தெரியும். அந்த வளையங்களும் வெகுதூரத்தில் இருப்பதுபோலவே காட்டப்படுகின்றன, அதனால் தலை கொஞ்சம் முன்பின் நகர்ந்தாலும் திசை மாறாது. சிலுவையை வளையங்களின் நட்ட நடுவில் வைத்து, தலையை அசைக்காமல், பட்டனை அழுத்த வேண்டும். ‘இந்த ஹெல்மெட் இப்போது பார்ப்பது விமானத்தின் இந்தத் திசை’ என்று கம்ப்யூட்டர் அந்தக் கணத்தில் குறித்துக்கொள்கிறது.

இங்கே நடக்கும் தவறு மூன்று வகை. அழுத்தும் விரலோடு தலையும் லேசாக ஆடுவது முதல் வகை. இரண்டாவது, போர்சைட் எடுத்தபிறகு குழாயைத் தொடுவது: கண் கூசுகிறது, மூக்கு அரிக்கிறது என்று அதைக் கழற்றி மாட்டினால் பழைய கணக்கு செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். மூன்றாவது வகைதான் தந்திரமானது. தாடைப்பட்டை தளர்வாக இருந்தால், நேராகப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பக்கவாட்டில் 80 டிகிரி திரும்பும்போது தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே வழுக்கல் வரும், சிலுவையும் படமும் கண்ணின் ஓரத்துக்குப் போகும். ‘நேராகச் சுட்டால் படுகிறது, வலது பக்கம் சுட்டால் படமாட்டேன் என்கிறது’ என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது பட்டையை, எலெக்ட்ரானிக்ஸை அல்ல.

மறுமுனையில் பீரங்கிக்கும் தனியாக ஒரு சீரமைப்பு உண்டு. குழல் எங்கே பார்க்கிறது என்று தரையில் கருவி வைத்து அளந்து, எவ்வளவு விலகல் என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பார்கள். பிறகு தூரம் தெரிந்த ஒரு இலக்கைச் சுட்டு, குண்டுகள் விழுந்த மையத்துக்கும் குறிக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லில் திருத்துவார்கள். இந்தத் திருத்தம் மூக்கில் இருக்கும் பெரிய தொலைநோக்கிச் சென்சாரை வைத்துச் செய்யப்படுவது. ஹெல்மெட்டை வைத்துச் சுட்டு, குண்டு தள்ளி விழுகிறதென்று பீரங்கியின் எண்களைத் திருத்தப் போனால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும். தப்பு எந்த முனையில் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி: அதே இலக்கைச் சென்சாரால் குறிவைத்து லேசர் தூரத்தோடு சுட வேண்டும். பட்டால் பீரங்கி சரி, ஹெல்மெட்டுக்குப் போங்கள்.

இப்போது தூரத்துக்கு வருவோம். அப்பாச்சியின் எம்230 பீரங்கி 30 மில்லிமீட்டர் அளவு, நிமிடத்துக்குச் சுமார் 625 குண்டு, குழலை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்கு 805 மீட்டர் வாக்கில். 1000 மீட்டர் போய்ச் சேர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைப் பதினைந்து மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். அந்த அளவுக்குக் குழலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதை முடிவு செய்வது தூரம்.

தூரத்தை அளக்கும் லேசர், மூக்கில் இருக்கும் அந்தச் சென்சாரில்தான் இருக்கிறது, ஹெல்மெட்டில் இல்லை. தலையால் குறிவைக்கும்போது தூரம் வரும் வழிகள்: கையால் எண்ணைப் போடுவது, வழிகாட்டிக் கணினியில் ஏற்கெனவே பதிந்த புள்ளியின் தூரத்தை எடுப்பது, அல்லது தானியங்கித் தூரம். எதுவும் இல்லையென்றால் இயல்பாக நிற்கும் எண் பைலட்டுக்கு 1500 மீட்டர், கன்னருக்கு 3000 மீட்டர்.

தானியங்கித் தூரம் கேட்க அழகாக இருக்கும். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது ரேடார் உயரமானிக்குத் தெரியும். தலை எவ்வளவு கீழே சாய்ந்திருக்கிறது என்பது ஹெல்மெட்டுக்குத் தெரியும். பள்ளிக்கூட முக்கோணக் கணக்குதான் மீதி. ஆனால் எண்களைப் போட்டுப் பாருங்கள். உயரம் 50 மீட்டர், இலக்கு 1000 மீட்டரில். தலை சாய வேண்டிய கோணம் 2.86 டிகிரி. ஹெல்மெட்டில் அரை டிகிரி பிழை இருந்து 2.36 என்று படித்தால் கம்ப்யூட்டர் சொல்லும் தூரம் 1213 மீட்டர். மறுபக்கம் பிழைத்து 3.36 என்று படித்தால் 852. அரை டிகிரிக்கு இவ்வளவு! போதாததற்கு இந்தக் கணக்கு தரை சமதளம் என்று நம்புகிறது. இலக்கு மேட்டின்மேல் நின்றால் காட்டும் தூரம் கூடிப்போகும், பள்ளத்தில் நின்றால் குறைந்துபோகும். உயரமானி ஹெலிகாப்டருக்கு நேர் கீழே இருக்கும் தரையை அளக்கிறது, இலக்கு நிற்கும் தரையை அல்ல.

இதே முக்கோணத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அந்த 50 மீட்டர் உயரத்திலிருந்து 1000 மீட்டரைப் பார்க்கும்போது, இடவலமாக ஒரு மில் தவறினால் தரையில் 1 மீட்டர்தான் விலகும். மேல்கீழாக ஒரு மில் தவறினால் பார்வைக் கோடு தரையைத் தொடும் இடம் 20 மீட்டர் தள்ளிப் போய்விடும். குண்டு கொஞ்சம் வளைந்து இறங்குவதால் நடைமுறையில் இதைவிடக் குறையும், இருந்தாலும் குண்டுகள் விழும் சுவடு எப்போதும் நீண்ட முட்டை வடிவம்தான். ஆகவே முடிந்தால் உயரத்தை ஏற்றிச் சுடுவது, அல்லது சாலை, வாகன வரிசை போன்ற நீளமான இலக்கை அதன் நீளவாக்கில் அணுகுவது என்று பழக்குகிறார்கள். முட்டையின் நீளம் அப்போது வீணாகாது.

ஹெலிகாப்டர் ஓடிக்கொண்டே பக்கவாட்டில் சுடும்போது கதை இன்னும் மாறும். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும்போது நேர் வலப்பக்கம் சுட்டால் அந்த 60 மீட்டர் வேகம் குண்டோடும் ஒட்டிக்கொள்ளும். 2 விநாடிக்கு 120 மீட்டர் முன்னால் போகும் என்று பலர் பெருக்கிவிடுகிறார்கள். அது தப்பு. காற்றின் தடை குண்டின் மொத்த வேகத்தைக் குறைக்கும், திசையைத் திருப்பாது. 805க்கு 60 என்ற விகிதத்தில் கோணம் சுமார் 4.3 டிகிரி. ஆகவே 1000 மீட்டரில் விலகல் 75 மீட்டர் வாக்கில். அதுவே ஒரு கால்பந்து மைதானத்தின் அகலத்துக்குச் சமம் என்பதால், கம்ப்யூட்டர் இதைத் திருத்தாவிட்டால் பக்கவாட்டில் சுடுவதே வீண். அப்பாச்சியில் காற்று வேக உணரிகளின் எண்களை எடுத்து இந்தத் திருத்தத்தைக் கம்ப்யூட்டரே செய்கிறது. சுழலும் குண்டின்மேல் பக்கக் காற்று படும்போது வரும் துள்ளலும் கணக்கில் சேரும்: வலஞ்சுழியாகச் சுழலும் குண்டை வலப்பக்கம் சுட்டால் கீழே இறங்கும், இடப்பக்கம் சுட்டால் மேலே ஏறும்.

கம்ப்யூட்டர் திருத்தாதது இலக்கின் ஓட்டத்தை. சென்சாரால் தொடர்ந்து லேசர் அடித்தால் இலக்கின் வேகம் கணக்குக்குள் வரும். தலையால் குறிவைத்தால் வராது, இலக்கு போகும் பக்கம் எவ்வளவு முன்னால் குறிவைப்பது என்பதைக் கண் மதிப்பில் முடிவு செய்ய வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டரில் குறுக்கே போகும் லாரி 2 விநாடியில் 20 மீட்டர் நகர்ந்திருக்கும், ஏறக்குறைய மூன்று லாரி நீளம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்க ராணுவம் இந்தப் பீரங்கிக்கு வைத்த பெயர் நேர்மையானது: ‘பரப்பு ஆயுதம்’. ஒரு புள்ளியைத் தொடுவதற்கு அல்ல, ஒரு பரப்பை நிரப்புவதற்கு. ஹெல்மெட்டின் பலம் வேகம். மரக்கூட்டத்திலிருந்து சுடுகிறார்கள் என்றால் சென்சாரைத் திருப்பி, பெரிதாக்கி, லேசர் அடிப்பதற்குள் நிலைமை மாறிவிடும். தலையைத் திருப்ப ஒரு விநாடி போதும். கிட்டத்தில் அவசரத்துக்கு ஹெல்மெட், நேரமும் தூரமும் இருந்தால் சென்சார். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாகப் பேசுவது தேவையில்லாத சண்டை.

சுடும் முறைக்கு வந்தால், பர்ஸ்ட் அளவை, அதாவது ஒரு தடவை அழுத்தினால் எத்தனை குண்டு போக வேண்டும் என்பதை, 10, 20, 50, 100 என்று முன்கூட்டியே வைக்கலாம். நிமிடத்துக்கு 625 என்றால் 10 குண்டுக்கு ஒரு விநாடி. 1000 மீட்டரில் 20 குண்டு சுட்டால், முதல் குண்டு தரையைத் தொடும்போது கடைசிக் குண்டும் குழலை விட்டு வெளியேறியிருக்கும். பார்த்துத் திருத்த இடமே இல்லை. ஆகவே 10 சுடு, புழுதி எங்கே எழும்புகிறது பார், சிலுவையை அவ்வளவு எதிர்ப்பக்கம் நகர்த்து, மறுபடி சுடு. பர்ஸ்ட் போய்க்கொண்டிருக்கும்போது தலையால் துரத்தக் கூடாது. பீரங்கி சுடும்போதும் தலையைப் பின்பற்றிக்கொண்டேதான் இருக்கும், நடுவில் கீழே இருக்கும் திரையை எட்டிப் பார்த்தால் மீதிக் குண்டுகள் வேறு எங்கோ போகும். அதிர்வில் சிலுவை துள்ளும், துள்ளட்டும், கழுத்தை நிலையாக வையுங்கள்.

டரட்டுக்கு எல்லை உண்டு: இடம் வலம் 86 டிகிரி, மேலே 11, கீழே 60. கழுத்து அதைத் தாண்டிப் போகும். அப்போது சிலுவை மின்னி மின்னி எச்சரிக்கும், சுடுவது தடைப்படும். ராக்கெட்டுக்கு நிலைமை வேறு, அதன் உறைகள் இறக்கையில் தொங்குகின்றன, பக்கவாட்டில் திரும்பாது. ஹெல்மெட்டில் வரும் குறியைப் பார்த்து ஹெலிகாப்டரையே திருப்ப வேண்டும். தரையில் நிற்கும்போது சக்கரத்தில் இருக்கும் சுவிட்ச் சுடுவதைத் தடுத்து வைத்திருக்கும், இல்லையென்றால் பைலட் தலையைத் திருப்பும்போது பக்கத்தில் நிற்கும் தரைப் பணியாளர் கதி என்ன ஆவது!

இரவில் இதே கண்ணாடியில் வெப்பப் படம் ஓடும். பைலட்டின் வெப்பக் கேமரா மூக்கின் உச்சியில், அவர் கண்ணிலிருந்து சுமார் 3 மீட்டர் முன்னால், 1 மீட்டர் கீழே இருக்கிறது. அதுவும் தலையோடு சேர்ந்து திரும்பும். இதனால் கிட்டத்துப் பொருட்களில் இடமாறு தோற்றப்பிழை வரும். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே தரையிறங்கினால் சக்கரம் இருக்கும் இடமும் படம் காட்டும் இடமும் ஒன்றல்ல. வலது கண்ணில் பச்சைப் படம், இடது கண்ணில் இருட்டும் காக்பிட் விளக்கும். மூளை சில சமயம் தப்பான கண்ணைத் தேர்ந்தெடுக்கும், கொஞ்ச நேரம் வலது படமே மறைந்ததுபோல் ஆகும். இடது கண்ணைச் சிமிட்டினால், அல்லது காக்பிட் விளக்கைக் குறைத்தால் திரும்ப வரும்.

நம் நாட்டில் இந்திய விமானப்படை 22 அப்பாச்சிகளை வாங்கியது, வரத் தொடங்கியது 2019ல். எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) செய்த பிரச்சண்ட் என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் 2022 அக்டோபரில் ஜோத்பூரில் படையில் சேர்ந்தது. அதன் மூக்கில் 20 மில்லிமீட்டர் டரட் துப்பாக்கி, தலையில் தாலஸ் நிறுவனத்தின் டாப்அவுல் ஹெல்மெட். டாப்அவுல் இரண்டு கண்ணுக்கும் படத்தை வைசரிலேயே, அதாவது ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியிலேயே, வீசுகிறது, ஒற்றைக் கண் சண்டை இல்லை. ஆனால் இருட்டில் பார்க்க உதவும் அதன் இரவுக் குழாய்கள் ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள தூரம், மனிதக் கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால் கிட்டத்துப் பொருட்கள் இன்னும் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். தாழப் பறக்கும்போது, தான் ஒரு பள்ளத்துக்குள் இருப்பதாகவும் சுற்றிலும் தரை எழும்பி நிற்பதாகவும் தெரியும். பழகிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை தரையிறங்கும் உயரத்தைக் கண்ணை நம்பிச் சொல்லக் கூடாது.

இனி போர் விமானம். கோவைக்குப் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் தேஜஸ் விமானங்களிலும் ஹெல்மெட் காட்சி உண்டு, எல்பிட் நிறுவனத்தின் டாஷ். அதே விமானத்தில் இரட்டைக் குழல் 23 மில்லிமீட்டர் துப்பாக்கியும் உண்டு. இரண்டுக்கும் நேரடி உறவு இல்லை. துப்பாக்கிக்கு உரிய குறி, முன்னால் கண்ணாடியில் தெரியும் ஹட். காரணம் எளியது: ஹட் விமானத்தோடு இறுக்கப்பட்டது, துப்பாக்கியும் விமானத்தோடு இறுக்கப்பட்டது. நடுவில் ஆடுகிற தலை இல்லை. ஹட்டின் பிழை ஒன்றிரண்டு மில்லில் நிற்கும், ஹெல்மெட்டின் பிழை அதைப்போல் சில மடங்கு. வான் சண்டையில் 500 மீட்டரில் இருக்கும் எதிரி விமானத்தின் உடம்பு ஒன்றரை இரண்டு மீட்டர் தடிமன். அந்த தூரத்தில் 10 மில் என்பது 5 மீட்டர், முழுசாகத் தவறிவிடும். அமெரிக்க எஃப்-16, எஃப்/ஏ-18 விமானங்களில் வந்த ஜேஹெச்எம்சிஎஸ் ஹெல்மெட்டில், பைலட் ஹட் வழியாகப் பார்க்கும்போது ஹெல்மெட் குறிகளே அணைந்துவிடும். அங்கே ஹட்தான் ராஜா என்று அர்த்தம்.

அப்படியென்றால் போர் விமானத்தில் ஹெல்மெட் எதற்கு? ஏவுகணைக்கு. ரஷ்ய மிக்-29 விமானத்தின் பைலட் ஷெல்-3யூஎம் என்ற ஹெல்மெட் குறியால் பக்கவாட்டில் இருக்கும் எதிரியைப் பார்த்தால், ஆர்-73 ஏவுகணையின் மூக்கில் இருக்கும் வெப்ப உணரி அந்தப் பக்கம் திரும்பிப் பிடித்துக்கொள்ளும். 1990ல் ஜெர்மனி ஒன்றானபிறகு கிழக்கு ஜெர்மனியின் மிக்-29களோடு பழகிப் பார்த்த மேற்கத்திய பைலட்டுகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். இங்கே ஹெல்மெட்டில் ஒரு டிகிரி பிழை இருந்தாலும் பரவாயில்லை, ஏவுகணையின் உணரி பார்க்கும் வட்டத்துக்குள் எதிரி இருந்தால் போதும், மிச்சத்தை அதுவே திருத்திக்கொள்ளும். பீரங்கிக் குண்டுக்குக் கண் கிடையாது. ஹெல்மெட் ஏவுகணையோடு நன்றாகப் பொருந்தியதும் துப்பாக்கியோடு ஒட்டாமல் இருப்பதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

எஃப்-35 இந்த விதிக்கு விலக்கு, அதனாலேயே அங்கே தொல்லையும் அதிகம். அதில் ஹட் கிடையாது. ஹட்டில் தெரிய வேண்டியதெல்லாம் ஹெல்மெட் வைசரில் தெரியும், துப்பாக்கிக் குறி உட்பட. எஃப்-35ஏ உள்ளே வைத்திருக்கும் 25 மில்லிமீட்டர் துப்பாக்கிக்குக் குண்டு 181. நிமிடத்துக்கு 3300 என்ற வேகத்தில் மூன்றேகால் விநாடிச் சரக்கு, ஒன்று கூட வீணாக்க முடியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை அலுவலகம் தன் ஆண்டறிக்கைகளில், குண்டுகள் இலக்கைத் தாண்டியும் வலப்பக்கம் விலகியும் விழுவதாக எழுதியது. பிறகு, துப்பாக்கியின் பிடிப்பிலேயே சீரமைப்புப் பிழை இருந்ததாகவும் சொன்னது. அறிக்கையை மேலோட்டமாகப் படித்தவர்கள் எல்லாவற்றையும் ஹெல்மெட் தலையில் கட்டினார்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வெளியே தெரிவது ஒரே மாதிரிதான், குண்டு தள்ளி விழும். ஹெல்மெட் மேல் வந்த நியாயமான புகார்கள் வேறு: இருட்டில் திரையின் பச்சை ஒளி கசிந்து, விமானம் இறங்க வேண்டிய கப்பலின் விளக்குகளை மறைத்தது, அதிர்வில் குறிகள் நடுங்கின.

எடை வேறு. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் ஹெல்மெட், விமானம் கூர்மையாகத் திரும்பி எல்லாம் ஒன்பது மடங்கு கனக்கும் 9 ஜியில், இருபது கிலோவாக அழுத்தும். அந்த நிலையில் பின்னால் திரும்பிப் பார்த்துக் குறிவைப்பது கழுத்துக்குக் கேடு. ஆபத்தில் பைலட்டை வெளியேற்றும் சீட்டு தூக்கி எறியும்போது ஆபத்து அதைவிடப் பெரிது. 2015ல் 62 கிலோவுக்குக் குறைந்த எடை உள்ள பைலட்டுகள் எஃப்-35ல் பறக்கக் கூடாது என்று தடை போட்டதற்குச் சீட்டோடு ஹெல்மெட் எடையும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகியவர்கள், ‘தலையைத் திருப்பினேன், சுட்டேன், பட்டது’ என்று சொல்வதில் பொய் இல்லை. அங்கே ஹெல்மெட் வழுக்குவதில்லை, சீட்டு அதிர்வதில்லை, கழுத்து வலிப்பதில்லை. தூரம் மட்டும் அங்கேயும் ஏமாற்றும். பைலட் சீட்டில் உட்கார்ந்து, தூரத்தை இயல்பான 1500 மீட்டரிலேயே விட்டுவிட்டு, 700 மீட்டரில் நிற்கும் லாரியின்மேல் சிலுவையைச் சரியாக வைத்து 10 குண்டு சுட்டுப் பாருங்கள். புழுதி லாரிக்குப் பின்னால்தான் எழும்பும். பிறகு தூரத்தை 700 என்று போட்டு, சிலுவையை அதே இடத்தில் வைத்து இன்னொரு 10 சுடுங்கள்.